தாய்ப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். விஷயமும் சாப்பாடுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, 1991இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த நாலு பேர் குடும்பத்தோடு வந்து, "டீச்சர், இன்னைக்கு நீங்க சமைக்கக் கூடாது" என்று காரில் ஏற்றிக்கொண்டார்கள். போன இடம் பழைய மகாபலிபுரம் சாலையில் செம்மஞ்சேரி. 'தி ஃபார்ம்' என்று பெயர். ஒரு பக்கம் மாடுகளும் தோட்டமும், இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கூடம். விறகடுப்பில் பிட்சா சுடுகிறார்கள். எனக்குக் கீரையும் பாலாடைக்கட்டியும் பிடித்திருந்தன. மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டது மனதுக்கு இதமாக இருந்தது. பில்லை என் கண்ணில் காட்டவே இல்லை, நல்ல பிள்ளைகள்.

அங்கே அவர்களில் ஒருவரின் மகள், எட்டாம் வகுப்புப் படிப்பவள், கேட்டாள்: "டீச்சர் பாட்டி, இந்த ஃபார்ம் டு டேபிள் கான்செப்ட் எல்லாம் உங்க காலத்துல இருந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற அம்மையார் 1971இல் 'ஷே பனீஸ்' என்ற உணவகத்தைத் தொடங்கினார். பக்கத்துப் பண்ணைகளில் அன்றன்றைக்கு விளைந்ததை வாங்கிச் சமைப்பது அவர் வழி. 1986இல் ரோம் நகரத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது கார்லோ பெட்ரினி என்பவரும் நண்பர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் அப்படித்தான் பிறந்தது. ஆக, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத சோறு அவர்களுக்கு முதலில் வந்தது, அதனால் தேடலும் அங்கே முதலில் வந்தது.

இனி நம் ஊர். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், மேடவாக்கம். இவை எல்லாமே ஏரியை வைத்து உண்டான ஊர்கள். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். சேலையூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், அங்கிருந்து செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஏரிக்கரைக்குக் கீழே மதகுப் பாசனத்தில் நஞ்சை, மேட்டில் புஞ்சை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். ஏரி நிரம்பிய வருஷம் மூன்றும் உண்டு, இல்லாவிட்டால் சம்பாவோடு சரி.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உத்திரமேரூருக்குச் சுற்றுலா கூட்டிப் போனேனே, நினைவிருக்கிறதா? குடவோலைக் கல்வெட்டைக் காட்டி, பரீட்சைக்கு வரும் என்று மிரட்டினேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. அதில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் தனித்தனியாக இருக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு. தேர்தல் முறையை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, எதற்காகத் தேர்தல் என்பதை உங்களுக்கு அழுத்திச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அதற்குப் பிறகு ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுப் பகுதி ஜாகீராகக் கம்பெனி கைக்கு வந்தது 1763இல். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் இங்கே சுமார் 2,000 ஊர்களை அளந்து எழுதினார். பின்னாளில் தரம்பால் அவர்கள் அந்த ஆவணங்களைத் தேடி எடுத்து நமக்குச் சொன்னார். அதில் என்னைக் கட்டிப்போட்டது களத்துமேட்டுப் பங்கீடு. நெல் வீட்டுக்குப் போவதற்கு முன்பே களத்தில் பங்கு பிரிந்துவிடும். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, காவல் காப்பவருக்கு என்று. ஏரிக்கும் ஒரு பங்கு! கரை உடைந்தால் அடைக்க, தூர் வார. ஏரியும் ஊரில் ஓர் ஆள் மாதிரி வரிசையில் நின்று நெல் வாங்கியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். சேற்றில் இறங்கி நட்டவர்களுக்கு நிலம் இல்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துச் சேரி மக்களின் பசியையும் குடிசையையும் கடனையும் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். நெல்லை விளைவித்தவர் கூழ் குடித்தார், சம்பா அரிசி வேறு வீட்டு இலையில் விழுந்தது. வயலுக்கும் இலைக்கும் தூரம் குறைவுதான், ஆனால் எல்லோருக்கும் அந்த இலை போடப்படவில்லை.

1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நம் பக்கத்துப் பாலும் கீரையும் பட்டணத்துக்குப் போக அது பெரிய வழி. என் ஆயா அறுபதுகளில் ஏரிக்கரைப் பாத்தியில் சிறுகீரையும் தண்டுக்கீரையும் போட்டு, விடியற்காலை இருட்டில் கூடையைத் தலையில் வைத்துத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடப்பார். முதல் வண்டி பிடித்து மாம்பலத்தில் இறங்குவார். பத்து மணிக்குள் கூடை காலி. மாம்பலத்துக்காரர்கள் அன்று காலை பறித்த கீரையை அன்று மத்தியானமே சாப்பிட்டார்கள். அதற்காக அவர்கள் யாரும் காரில் செம்மஞ்சேரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆயாவின் கூடைத் தழும்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். உச்சந்தலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி இருக்காது.

பிறகு என்ன ஆனது? இங்கேதான் எனக்கு எழுதக் கை தயங்குகிறது. ஊரைக் கெடுத்தவர்கள் என்று யாரையாவது சுட்டிக் காட்டலாம் என்றால், விரல் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புகிறது.

எங்கள் அப்பாவுக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் எண்பது சென்ட் நஞ்சை இருந்தது. 1978இல் விற்றார். அக்கா கல்யாணம் ஒன்று, என் ஆசிரியர் பயிற்சி ஒன்று. விடுதிக் கட்டணம், சாப்பாட்டுக் கட்டணம், புடவை, புத்தகம் எல்லாம் அந்த நெல் வயல்தான். உங்களுக்கு நான் எழுதிப் போட்ட ஆனா ஆவன்னா அந்த மண்ணில் விளைந்தது. அப்பா விற்றது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விற்காமலிருந்தால் நானும் கீரைக் கூடைதான் தூக்கியிருப்பேன். ஆனால் வயல் மனையானதும் வாய்க்கால் தெருவானது. கீழ் வயலுக்குத் தண்ணீர் போகாமல் அவர்களும் விற்றார்கள். பாசனம் போனபின் ஏரியை யார் கவனிப்பார்? சாக்கடை விழுந்தது. 2003, 2004 வறட்சியில் சுற்று வட்டாரத்தில் மிச்சமிருந்த கிணற்றுக்காரர்கள் பலர் நெல் போடுவதைவிட லாரிக்குத் தண்ணீர் விற்பது மேல் என்று கண்டுகொண்டார்கள்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கூடத்திலும் முழங்கால் தண்ணீர். "இத்தனை வருஷம் வராத தண்ணி எப்படி வந்தது?" என்று கணவர் கேட்டுக்கொண்டே அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினார். தண்ணீர் வடிந்து, நனைந்த காகிதங்களைக் காயப் போட்டபோதுதான் எங்கள் மனையின் தாய்ப் பத்திரத்தை முதன்முறையாக வரி வரியாகப் படித்தேன். சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் 'நஞ்சை' என்று கையெழுத்தில் இருந்தது. யாரோ ஒருவருடைய வயலில்தான் முப்பது வருஷமாக நாங்கள் சோறாக்கிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அப்பாவின் எண்பது சென்ட்டில் இப்போது எத்தனை அடுப்பு எரிகிறதோ.

ஆகவே, கேள்வி கேட்ட கண்ணம்மாவுக்கு: இருந்தது. நீ டியூஷன் போகும் தெருவே வயலாக இருந்தது. உன் அப்பா எங்கள் பள்ளியில் படித்தபோதுகூட, மதிய உணவு இடைவேளையில் பின்பக்க வரப்பில் நண்டு பிடிக்கப் போய் என்னிடம் அடி வாங்கியிருக்கிறார். அவரிடமே கேட்டுப் பார்.

நல்ல செய்தியும் கொஞ்சம் இருக்கிறது. 2019இல் சிட்லபாக்கம் ஏரியில் ஊர்மக்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள். 2022இல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வயல் திரும்பாது, ஏரியாவது நிற்கட்டும்.

உங்களிடம் ஒரு வீட்டுப்பாடம். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் வீடோ ஃபிளாட்டோ வைத்திருப்பவர்கள் பீரோவைத் திறந்து தாய்ப் பத்திரத்தைப் பாருங்கள். நஞ்சையா புஞ்சையா, எந்த ஏரிப் பாசனம் என்று கீழே எழுதுங்கள். சர்வே எண், பெயர் எதுவும் வேண்டாம், ஏரியின் பெயர் போதும். ஒரு நோட்டில் குறித்து வைக்கப் போகிறேன். செங்கல்பட்டுப் பக்கம் இன்னும் உழுதுகொண்டிருக்கும் உறவுகள், இந்த வருஷம் என்ன பட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். புது அரிசி வந்தால் எனக்கு இரண்டு படி வேண்டும், காசு கொடுத்துத்தான் வாங்குவேன்.