அங்கடியும் அங்காடியும்: மாதேஸ்வரன் மலையின் கடைத்தெரு

என் தாத்தா 1938-ல் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் பிறந்தார். என் தந்தை 1965-ல் மைசூர் மாநிலத்தில் பிறந்தார். நான் 1996-ல் கர்நாடகத்தின் மைசூர் மாவட்டத்திலும், என் தங்கை 1999-ல் சாமராஜநகர் மாவட்டத்திலும் பிறந்தோம். நால்வருக்கும் பிறந்த வீடு ஒன்றே. மாதேஸ்வரன் மலைக் கடைத்தெருவில், முன்பக்கம் பொரிகடலைக் கடையும் பின்பக்கம் குடித்தனமுமாக இருந்த ஓட்டு வீடு அது.

“உங்கள் ஊருக்குத் தமிழர் எப்போது குடியேறினர்?” என்று ஆய்வுலக நண்பர்கள் பலர் என்னைக் கேட்டதுண்டு. இக்கேள்விக்கு ஒரு பத்தியில் விடை எழுத எண்ணித் தொடங்கினேன். எழுத எழுத, அரசாணைகளும் ஆண்டுகளும் ஒருபுறம் நிற்க, அந்தத் தெருவின் கடைகளும் அங்கு உடன் விளையாடிய இரு நண்பர்களும் முன்னே வந்து நின்றனர். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இடம். மாதேஸ்வரன் மலை மைசூரிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மேட்டூரிலிருந்து அதில் பாதித் தொலைவுகூட இல்லை. கொள்ளேகால், ஹனூர் வழியாக வரும் சாலை தாளபெட்டாவிலிருந்து மலை ஏறுகிறது. மேட்டூர், கொளத்தூர் வழியாக வரும் சாலை பாலாற்றைக் கடந்து ஏறுகிறது. இவ்விரு வழிகளிலும் வருவோர் கோயிலுக்கு முன்னுள்ள கடைத்தெருவில் ஒன்றுகூடுவர். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து காவிரிச் சமவெளிக்கு இறங்கும் காவேரிபுரம் கணவாய் இப்பகுதியின் பழைய போக்குவரத்து வழி. 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் தம் புகழ்பெற்ற பயணத்தில் இவ்வழியாகவே காவேரிபுரத்துக்கு இறங்கினார்.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொள்ளேகால் பகுதி கும்பினி ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அது கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்தது. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின்படி 1956 நவம்பர் 1 அன்று அவ்வட்டம் மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. வட்டத்தில் கன்னடம் பேசுவோரே மிகுதி என்பதால், மொழிவழி நோக்கில் அம்முடிவில் பிழை காண இயலாது. எனினும் ஒரு வட்டத்தின் பெரும்பான்மை அதன் ஓரத்துச் சிற்றூர்கள் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. தென்கிழக்கு விளிம்பில் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில், பல இடங்களில் ஒரே வீட்டில், கலந்திருந்தன.

எங்கள் குடும்பம் மலையேறிய காரணமும் அரசியல் எல்லைக்கு முற்பட்டது. 1934-ல் மேட்டூர் அணை நிறைவுற்றபோது பள்ளத்தாக்கின் பழைய ஊர்கள் சில நீருக்குள் சென்றன. இன்றும் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தியின் தலையும் தேவாலயக் கோபுரமும் வெளிப்படுவதை மேட்டூர்க்காரர்கள் அறிவர். நிலமிழந்தவர்களுள் ஒருவரான என் கொள்ளுத்தாத்தா, ஆண்டுதோறும் காணிக்கை செலுத்தி வந்த மலைக்கே ஒரு மூட்டைப் பொரியோடு வந்து சேர்ந்தார் என்பது வீட்டில் வழங்கும் செய்தி. அவர் வேற்றுநாட்டுக்குச் செல்லவில்லை. தம் மாவட்டத் தலைநகரான கோயம்புத்தூரின் ஆட்சி எல்லைக்குள் இருந்த ஒரு கோயிலூருக்கே சென்றார்.

அக்கோயிலின் இறைவனும் இரு பக்கத்தாருக்கும் உரியவர். மாதேஸ்வரரின் கதையைக் கன்னடத்தில் தேவரகுட்டர்களும் கம்சாளெக் கலைஞர்களும் இரவிரவாகப் பாடுவர். அக்காவியத்தில் கோயில் எழுப்பும் ஜுஞ்சே கௌடர் காவிரிக் கரையின் ஆலம்பாடியைச் சேர்ந்தவர். ஆலம்பாடி மாடு என்றால் தருமபுரி, சேலம் உழவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இறைவனின் மலைகளாகப் பாடப்படும் பெயர்களுள் பச்செமலெ, பவளமலெ, பொன்னாச்சிமலெ, கொங்குமலெ ஆகியவை உண்டு. தமிழ்க் காதுக்கு இவை அயற்பெயர்களாக ஒலிப்பதில்லை. சமவெளியில் மாதையன், மாதேஷ், மாதம்மாள் என்னும் பெயர்கள் வழங்குமிடமெல்லாம் இம்மலையின் நிழல் உண்டு.

இனிக் கடைத்தெரு. அமாவாசையே எங்கள் நாட்காட்டி. சிவராத்திரி, யுகாதி, தீபாவளி, மகாளய அமாவாசை ஆகிய நாட்களில் தெருவில் கால் வைக்க இடமிராது. மற்ற நாட்களில் மலை உறங்கும். ஆகவே உள்ளூர்க்காரர் எவரும் உடனுக்குடன் பணம் கொடுத்துப் பொருள் வாங்குவதில்லை. “அமாவாசைக்குத் தருகிறேன்” என்பதே தெருவின் நாணயம். தேநீர்க் கடைக்காரர் எங்களிடம் வெல்லம் வாங்குவார். நாங்கள் அவரிடம் காலைத் தேநீர் குடிப்போம். எதிர்ப்புறத்துப் பாத்திரக்கடையில் மணியும் கம்சாளெத் தாளமும் தொங்கும். காட்டுத்தேன் கொண்டுவரும் சோலிகர் எங்கள் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, சாம்பிராணியும் உப்பும் எடுத்துச் செல்வர். அமாவாசை கழிந்த மறுநாள் மாலை எல்லோரும் எல்லோருக்கும் கணக்குத் தீர்ப்பர். கொடுத்தது, வாங்கியது, கழித்தது போக, சில மாதங்களில் காசு கைமாறாமலேயே கணக்கு முடிந்துவிடும்.

கல்லாவில் அமர்ந்திருக்கும் தாத்தா வருபவரின் நடையைப் பார்த்தே மொழியைத் தேர்வார். கொள்ளேகால் பக்கத்து மூதாட்டியை “பன்னி அவ்வா” என்றும், மேட்டூர்ப் பக்கத்து மூதாட்டியை “வாங்க ஆயா” என்றும் அழைப்பார். விலையை மட்டும் விரலால் காட்டுவார். கூட்ட நாளில் “உகே உகே மாதப்பா” என்னும் முழக்கத்துக்கு நடுவே விரல்தான் பிழையின்றிக் கேட்கும் என்பது அவர் வாதம்.

எனக்கு அங்கு இரு நண்பர்கள். ஒருவன் பக்கத்து வளையல்கடைக்காரர் மகன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவர். மற்றவன் தேவரகுட்டர் குடும்பத்தவன். அவன் தந்தை பாடும் கதையில் பாதியை எட்டு வயதிலேயே ஒப்பிப்பான். பள்ளியில் எங்கள் மூவருக்கும் பாடமொழி கன்னடம். பள்ளி விட்டபின் கடைக்கு முன்னிருந்த மூட்டைகளின் மேல் அமர்ந்து நாங்கள் ஆடிய விளையாட்டுக்குப் பெயர் இல்லை. ஒருவன் தமிழ்ச் சொல் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைக் கன்னடமாக மாற்ற வேண்டும். தெரியாத சொல்லாயின் ஊகிக்கலாம்.

எங்கள் மூட்டைகளே பாடநூல்களாக இருந்தன. வெல்லம் பெல்ல ஆகும். வாழை பாளெ ஆகும். வளை பளெ ஆகும். விலை பெலெ ஆகும். (‘பஸ்’ என்னும் சொல்லில் ஒலிக்கும் பகரமாக இவற்றைப் படிக்க வேண்டும்.) பால் ஹாலு, பூ ஹூவு, பணம் ஹண, பத்து ஹத்து. வகரம் மெல்லிய பகரமாகும், வல்லின பகரம் ஹகரமாகும் என்னும் இரு விதிகளை எவரும் கற்பிக்காமலே கண்டுகொண்டோம். விதி பொருந்தாத இடமும் எங்கள் கடையிலேயே இருந்தது. பொரி எங்கள் பக்கத்துக் கன்னடத்திலும் ‘புரி’தான். கடலெபுரி என்று கேட்டு வாங்குவோரிடம் அதை ‘ஹுரி’ ஆக்க முயன்று நாங்கள் தோற்றோம்.

ஒருநாள் நான் ‘வீடு’ என்பதைப் ‘பீடு’ என்றேன். நண்பர் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தனர். கன்னடத்தில் வீட்டுக்கு ‘மனெ’ என்பதே வழக்கு. பல நாட்கள் என்னைப் ‘பீடு’ என்றே அழைத்தனர். முதுகலையில் மொழியியல் பயின்றபோது, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியைப் புரட்டினேன். தங்குமிடம், பாசறை என்னும் பொருளில் கன்னடத்தின் ‘பீடு’ தமிழின் ‘வீடு’ என்னும் சொல்லோடு ஒரே பதிவில் இருந்தது. நூலகத்தில் அமர்ந்து தனியாகச் சிரித்தேன். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வெற்றியை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. நண்பர்களின் தொலைபேசி எண்கள்கூட அப்போது என்னிடம் இல்லை.

அவர்கள் கடையை ‘அங்கடி’ என்பர். அது முழுக்க அவர்கள் சொல் என்றே எண்ணியிருந்தேன். மதுரைக்காஞ்சி பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் கூறுவதைப் பின்னர்ப் படித்தேன். பால் ஹாலு ஆனதும் அவ்வாறே. பழங்கன்னடம் பகரத்தையே வழங்கியது. ஹல்மிடி என்னும் ஊரின் பெயர், அங்குக் கிடைத்த 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் பகரத்திலேயே தொடங்குகிறது. மூட்டைகளின் மேல் நாங்கள் ஆடியது ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் பின்னோக்கி நடக்கும் விளையாட்டு என்பதை அறிய எனக்கு இரண்டு பட்டங்கள் தேவைப்பட்டன.

இந்நினைவுகளை மட்டும் எழுதி முடித்தால் அது பொய்யாகிவிடும். அத்தெருவில் அச்சமும் குடியிருந்தது. 1991-ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி, அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழருக்கு எதிரான வன்முறை மூண்டது. எங்கள் கடைப் பலகையில் அதுவரை இரு மொழிகளிலும் பெயர் இருந்ததாம். செய்தி வந்த இரவில் வளையல்கடைக்காரரே சுண்ணாம்பு வாளியோடு வந்து தமிழ் வரியை மறைத்தார் என்று பாட்டி கூறுவார். மலைக்குக் கூட்டம் எதுவும் வரவில்லை. ஆயினும் சுண்ணாம்பு அழிக்கப்படவில்லை. நான் வளர்ந்த காலத்தில் பலகையின் கீழ்ப்பாதி வெறும் வெள்ளையாகவே இருந்தது. அது அலங்காரம் என்று நான் எண்ணியிருந்தேன்.

அடுத்து வந்தவை வீரப்பன் தேடுதலின் ஆண்டுகள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றருகே நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் இறந்தனர். அதன்பின் மலையும் சுற்றுக் காடும் அதிரடிப்படையின் களமாயின. காட்டோரச் சிற்றூர் மக்கள் இரு பக்கத்து ஐயத்துக்கும் இடையே சிக்கினர். அவர்கள் பட்ட சித்திரவதை குறித்த முறையீடுகளை, தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. எங்கள் தெருவில் இதன் அடையாளம் மிகச் சிறியது. ஒருவர் வழக்கத்தைவிட மிகுதியாக அரிசியோ பருப்போ வாங்கினால், ‘யாருக்கு?’ என்னும் கேள்வி எழும். ஆகவே மக்கள் சிறிது சிறிதாக வாங்கினர். கடைக்காரரும் பெயரைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டனர். 2004 அக்டோபர் 18 இரவு வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை செய்தி வந்தபோது எனக்கு எட்டு வயது. தாத்தா நண்பகலிலேயே கடையைச் சாத்திவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். எவரிடமும் ஒன்றும் பேசவில்லை.

தாத்தா 2012-ல் மறைந்தார். தந்தைக்குக் கடையில் நாட்டமில்லை. நாங்கள் மைசூருக்குக் குடிபெயர்ந்தோம். வளையல்கடையும் சில ஆண்டுகளில் கைமாறியது.

இங்குத்தான் நான் சொல்லவேண்டியது உள்ளது. வீட்டைக் காலி செய்தபோது பரணில் தாத்தாவின் கணக்கு நோட்டுகள் இருந்தன. 1960-களிலிருந்து தொடங்கும், சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டுகள். அவருக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். ஆகவே கன்னடப் பெயர்களையும் பொருள்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதினார். ‘பஸ்’ பகரத்தைக் குறிக்க எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைப்பார். இலக்கணம் கல்லாத ஒரு கடைக்காரர், கடன் வாங்கியவரின் பெயர் பிழைபடக் கூடாது என்பதற்காகத் தாமே வகுத்துக்கொண்ட எழுத்துமுறை அது. எவர் எந்த ஆண்டு யாரிடம் எவ்வளவு பற்று வைத்தார், எவர் பெயர் எந்த ஆண்டோடு நின்றது, அச்சத்தின் ஆண்டுகளில் எத்தனை வரிகள் பெயரின்றி விடப்பட்டன ஆகியவை எல்லாம் அவற்றில் இருந்தன. அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் கிலோ எட்டு ரூபாய்க்கு எடைக்குப் போட்டவன் நானே. அப்போது எனக்குப் பதினாறு வயது. அந்தப் பணத்தில் இரவு உணவு வாங்கினோம்.

இன்று எல்லைப்புறப் பேச்சுமொழி குறித்து ஆய்வு செய்யும் எனக்கு, அந்நோட்டுகளுக்கு ஈடான சான்று எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கவில்லை. 1956-ஐப் பற்றி ஆணையங்கள் எழுதியவை உள்ளன. இரு மொழியாரும் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து வாழ்ந்ததைப் பதிந்தது அந்தப் பரண் மட்டுமே.

சென்ற மாதம் நண்பர் இருவரையும் தேடிக் கண்டடைந்தேன். வளையல்கடைக்காரர் மகன் திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளன். தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுகிறான். மற்றவன் மலையிலேயே இருக்கிறான். அமாவாசைதோறும் தந்தையின் தாளத்தோடு பாடுகிறான். அவனிடம் அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்டேன். என் நினைவு எனக்கு ஏற்றவாறு புனைந்துகொண்டதோ என்னும் ஐயம் இருந்தது. அவன் சற்றும் தயங்காமல், “எங்கள் அப்பாவின் பெயர் பகரத்தில்தானே தொடங்கும்! அதன் அடியில் உன் தாத்தா புள்ளி வைப்பார். நான் அதை ஈ என்று எண்ணி ஒருநாள் தட்டினேன்” என்றான். பிறகு, “உனக்கு அது எதற்கு, பீடு?” என்று கேட்டான்.

கொள்ளேகால், ஓசூர், தாளவாடி, செங்கோட்டை, பாலக்காடு, சித்தூர் போன்ற எல்லையோர ஊர்களில் உங்கள் வீட்டாரோ உறவினரோ கடை வைத்திருந்தால், பரணை ஒருமுறை பாருங்கள். நீள நோட்டு ஏதேனும் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பக்கத்தைப் படமெடுத்து, அந்தக் கடைக்கு யார் யார் வந்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.