தங்கம் விற்ற சீப்சைடு

லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்குக் கிழக்கே சீப்சைடு என்றொரு தெரு இருக்கிறது. பெயரைக் கேட்டதும் மட்டரகச் சரக்கு விற்ற இடம் என்றுதான் தோன்றும். ஆனால் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் பொற்கொல்லர்களின் கடைவரிசை எழுந்தது அங்கேதான். அக்கம்பக்கத் தெருக்களுக்கு பிரெட் ஸ்ட்ரீட், மில்க் ஸ்ட்ரீட், ஹனி லேன் என்று பெயர்; ரொட்டி, பால், தேன் விற்ற இடங்கள். பழைய ஆங்கிலத்தில் 'சீப்' என்பதன் மூலச்சொல் கொடுக்கல் வாங்கலையும் சந்தையையும் சரக்கையும் குறித்தது, ஆடுமாடுகளைக்கூடக் குறித்தது. விலை குறைவு என்ற பொருளே அதற்கு இல்லை. அது பெயர்ச்சொல், அவ்வளவுதான்.

அது பெயரடையாக மாறிய கதையில்தான் அதன் வீழ்ச்சிக்கான காரணமும் இருக்கிறது. ஒரு பொருள் சகாய விலையில் கிடைத்தால் இடைக்கால ஆங்கிலேயர் 'குட் சீப்' என்றார்கள்: நல்ல பேரம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதே முறையில் 'போன் மார்ஷே', நல்ல சந்தை, என்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 'குட்' மெல்ல உதிர்ந்தது. அது இருந்தவரை சொல் பேரத்தைப் பாராட்டியது. உதிர்ந்த பின் பொருளின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. பொருளிலிருந்து மனிதன்மேல் ஏற அதிக காலம் ஆகவில்லை. 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் பழைய வழக்கு, புதிய வழக்கு இரண்டையும் பார்க்கலாம். மதுச் செலவைப் பற்றி அலுத்துக்கொள்ளும் ஃபால்ஸ்டாஃப் பழைய 'குட் சீப்' என்கிறான். அதே நாடகத்தில் மகனைக் கண்டிக்கும் அரசர், கண்டவர் கண்ணிலெல்லாம் பட்டு மதிப்பிழப்பதைச் சொல்ல, தனித்து நிற்கும் 'சீப்'பை எடுக்கிறார்.

இகழ்ச்சி வேரிலேயே இருந்ததே என்று கேட்கலாம். சொல்லின் மூலமாகக் கருதப்படும் லத்தீன் 'காவ்ப்போ' சத்திரக்காரனையும் சில்லறை வியாபாரியையும் குறித்தது. ரோமானியர் அவனை மதித்ததில்லை. ஆனால் அந்த அவமதிப்பு வடக்கே வந்து சேரவில்லை. வந்திருந்தால் டேனியர் பின்னாளில் தங்கள் தலைநகரான ஊருக்கு வணிகர் துறைமுகம் என்று பொருள்படும் கோபன்ஹேகன் என்ற பெயரை வைத்திருப்பார்களா? அதே வேரில் பிறந்த ஜெர்மன் 'காவ்ஃப்மான்' இன்றும் மரியாதையாக வணிகரைக் குறிக்கிறது. பொருளின்மேல் ஒட்டாத இடங்களில் இந்த வேர்ச்சொல்லுக்குக் களங்கம் வரவில்லை.

நம் 'மலிவு' இதற்கு நல்ல துணைச்சாட்சி. மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல். சந்தையில் சரக்கு நிரம்பி விலை இறங்கிய நிலையை மலிவு என்றோம். அது சந்தையின் செழிப்பைச் சொன்ன சொல். இன்று 'மலிவான அரசியல்' என்கிறோம். அதில் நிறைவின் சுவடுகூட இல்லை.