இலையான் கலைத்த கதை

1984 மாரிகாலம். புங்குடுதீவு மடத்துவெளியில் எங்கள் அயல்வீட்டு முற்றத்தில் வீடியோப் படம். ரீவி, டெக், ஜெனரேற்றர் எல்லாம் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுத்து, வாணர் பாலத்தால் வானில் கொண்டுவந்தவை. எனக்குப் பதினான்கு வயது. டெக்கோடு வந்த அண்ணை என்னைக் கூப்பிட்டுப் பனையோலை விசிறி ஒன்றைக் கையில் தந்தார்.

"தம்பி, நீ முன்னுக்கு இருந்து பூச்சியைக் கலை. படம் மறைக்கக்கூடாது."

மழை விட்ட இரவு. ஊர் முழுக்க இருட்டு, வெளிச்சம் அந்த ஒரு கண்ணாடியில்தான். ஈசல், வண்டு, தத்துவெட்டி எல்லாம் அங்கேதான் வந்து மொய்த்தன. அன்று போட்டது 1965 இல் வந்த 'திருவிளையாடல்'. தருமியாக நாகேஷ் புலம்பும்போது அவர் மூக்கில் ஒரு கறுத்த வண்டு குந்தியிருந்தது. நான் விசிறியை ஓங்க, சனம் சிரித்தது நாகேஷுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

தருமி கொண்டுபோகும் பாட்டே ஒரு பூச்சியைப் பார்த்துப் பாடியதுதான் என்பதைப் பின்னாளில்தான் கவனித்தேன். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, இறையனார் பெயரில் உள்ளது. பெண்ணின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டா என்று தும்பியிடம் கேட்கிறது. எங்கள் ஊரில் தும்பி என்றால் வயலுக்கு மேலே பறக்கும் நீளவாலன். சங்கத் தமிழில் அது தேன் தேடும் வண்டு. அந்தப் பாட்டை வைத்துப் பாண்டியன் சபையில் நக்கீரர் வாதாடுகிறார், சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார். கேள்வி கேட்கப்பட்ட தும்பியை மட்டும் ஒருவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. தமிழ்ப் படத்தில் பூச்சி வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. பாட்டில் வரும், உவமையில் வரும். ஆளாக வராது.

பூச்சியை ஆளாக்கியவர்கள் வேறு தேசத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் லாதிஸ்லாஸ் ஸ்தாரெவிச். மொஸ்கோவில் பிறந்த போலந்துக்காரர். லித்துவேனியாவின் கவுனாஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் வேலை செய்தவர். கலைமான் கொம்புபோல் தாடை நீண்ட வண்டுகள் சண்டை பிடிப்பதைப் படமெடுக்க விரும்பினார். அவை இரவில் திரிகிறவை. விளக்கைப் போட்டதும் அசையாமல் நின்றுவிட்டன. எங்கள் முற்றத்தில் வெளிச்சத்துக்கு ஓடிவந்த இனம், அவருடைய வெளிச்சத்தில் கல்லாய்ப் போனது. அதனால் செத்த வண்டுகளை எடுத்து, கால்களைக் கம்பியால் பொருத்தி, இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியே படம்பிடித்தார்.

1912 இல் 'ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்' என்ற படத்தைச் செய்தார். வீட்டுக்கார வண்டு ஒன்று நடனக்காரத் தும்பியோடு தொடர்பு வைக்கிறது. அந்தத் தும்பியை விரும்பிய வெட்டுக்கிளி ஒரு கமராக்காரன். திறப்புத் துவாரத்தால் எல்லாவற்றையும் படமெடுத்து, வண்டு மனைவியோடு தியேட்டருக்கு வந்த நாளில் திரையில் போட்டுக் காட்டுகிறான். பிறகு அடிபிடிதான்! பழக்கிய உயிர்ப்பூச்சிகள் நடிக்கின்றன என்று அக்காலத்தில் நம்பியவர்களும் இருந்தார்கள்.

அதே 1912 இல் அமெரிக்காவில் வின்சர் மக்கே, தொப்பி போட்ட ஒரு நுளம்பைத் தாள் தாளாகக் கையால் வரைந்து பறக்கவிட்டார். நித்திரைகொள்ளும் மனிதனைக் குத்திக் குத்திக் குடித்த நுளம்பு கடைசியில் வயிறு வெடித்துப் போகிறது. 1943 இல் டிஸ்னி நிறுவனம் மலேரியா நுளம்பைத் தேடப்படும் குற்றவாளியாக்கி ஒரு சுகாதாரப் படம் எடுத்தது. இந்தப் பகை எங்களுக்குப் புதிதல்ல. 1934–35 மலேரியாவில் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். டீ.டீ.ரீ. அடித்து அடித்து 1963 இல் நோயாளர் தொகை 17க்கு இறங்கியது. பிறகு மலேரியா திரும்பவும் தலைதூக்கியது. நாடு மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 இல்தான்.

அணுகுண்டுக் காலத்தில் பூச்சி பெருத்தது. 1954 இல் வந்த 'தெம்!' என்ற ஹொலிவூட் படத்தில், அணுகுண்டுச் சோதனையால் எறும்புகள் ராட்சத அளவுக்கு வளர்கின்றன. 1961 இல் ஜப்பான் மொத்ரா என்ற ராட்சத விட்டிலைப் பறக்கவிட்டது. பூச்சிக்குப் பயப்பட வேண்டுமென்றால் அதைப் பெருப்பிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

1991 இல் புங்குடுதீவு முழுக்க இடம்பெயர்ந்தபோது நானும் வெளிக்கிட்டேன். அந்த விசிறி போன இடம் தெரியாது. 2012 ஜூலையில் ரொறன்ரோவில் மகளோடு தியேட்டரில் இருந்தேன். படம் எஸ். எஸ். ராஜமௌலியின் 'நான் ஈ'.

"அப்பா, ஈ எண்டா என்ன?"

"இலையான், பிள்ளை."

"அப்ப 'நான் இலையான்' எண்டெல்லோ பேர் வைக்கவேணும்?"

யாழ்ப்பாணத்தில் எடுத்திருந்தால் அதுதான் பெயர். படத்தில் பணக்காரன் சுதீப் கொலைசெய்யும் நானி இலையானாகப் பிறந்துவந்து பழிவாங்குகிறான். ஸ்தாரெவிச்சின் பழிவாங்கலுக்குச் சரியாக நூறு வருடம் கழித்து! வேலையும் அதே வேலைதான். படக்குழுவினர் உண்மையான இலையானைப் போத்தலில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, அது மயங்கிக் கிடக்கும் நேரத்துக்குள் கிட்ட நின்று படமெடுத்துப் படித்தார்கள். அதன் முகத்தில் அழுகையும் சிரிப்பும் வராது என்பதால், முன்னங்கால்களையும் உடம்பையும் வைத்தே உணர்ச்சியைக் காட்டினார்கள். படத்தின் தெலுங்கு வடிவம் சிறந்த தெலுங்குப் படத்துக்கும் சிறப்புக் காட்சிகளுக்குமான தேசிய விருதுகளைப் பெற்றது.

என்னைப் பிடித்தது வேறொன்று. ராஜமௌலி இலையானைப் பெருப்பிக்கவில்லை. அது இலையான் அளவிலேயே இருந்து, காதில் இரைந்து, நித்திரையைக் கெடுத்து, கார் ஓட்டும்போது கவனத்தைக் குலைத்து, ஒரு பணக்காரனை விசரனாக்குகிறது. மத்தியானம் பாயில் படுத்துப் பார்த்த எவருக்கும் இது கதையல்ல, அனுபவம். ராட்சத எறும்பை நான் கண்டதில்லை. ஒற்றை இலையானிடம் தோற்றிருக்கிறேன். பூச்சிப் படங்களில் 'நான் ஈ'யையே நான் முதலில் வைப்பேன்.

வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறவனைப் பற்றி ஊரில் கேட்டால், "அவன் இலையான் கலைச்சுக்கொண்டு இருக்கிறான்" என்பார்கள். அந்தப் பேச்சை நான் விட்டுவிட்டேன். அந்தப் படம் முழுக்கச் சுதீப் செய்த வேலை இலையான் கலைத்ததுதான். அதிலேயே ஆள் முடிந்தான்.