மாப்பிள்ளைக்குப் போட்ட நிபந்தனைகள்

இங்கிலாந்து அரசி முதலாம் மேரிக்கும் ஸ்பெயின் இளவரசர் ஃபிலிப்புக்கும் 1554 ஜனவரியில் போட்ட கல்யாண ஒப்பந்தம், உஷாரான வக்கீல் எழுதின வாடகைப் பத்திரம் மாதிரி இருக்கும். மாப்பிள்ளைக்கு ராஜா பட்டம் உண்டு. ஆனால் அரசுப் பதவிகளில் வெளிநாட்டவரை அமர்த்தக் கூடாது. குழந்தையில்லாமல் மேரி இறந்தால் அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. முக்கியமாக, அவர் அப்பா ஐந்தாம் சார்லஸ் பிரான்சோடு நடத்தும் போருக்குள் இங்கிலாந்தை இழுக்கக் கூடாது.

இவ்வளவு ஜாக்கிரதை ஏன்? சான்சலர் கார்டினருக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை. உள்ளூர்க்காரரான எட்வர்ட் கோர்ட்னியைக் கட்டிக்கொள்ளட்டும் என்றார். பேஜெட் வேறு கணக்குப் போட்டார். ஸ்காட்லாந்தின் சின்ன ராணி பிரெஞ்சு அரண்மனையில் வளர்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலாந்து அரியணை மீதும் உரிமை இருந்தது. பிரான்சைச் சமாளிக்க ஸ்பெயின் வேண்டும் என்பது அவர் வாதம். அதில் தப்பில்லை. மேரியும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஊர் ஏற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த அதே மாதம் வயட் என்பவர் கெண்ட்டில் கலகம் தொடங்கி லண்டன் வரை வந்துவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, 1557 மார்ச்சில், ஃபிலிப் போருக்கு ஆதரவு கேட்டு லண்டன் வந்தார். ஆலோசனைக் குழு ஒப்பந்தத்தைக் காட்டி முடியாது என்றது. கணவர் பக்கம் நின்று வற்புறுத்தியது மேரிதான். இத்தனைக்கும் எதிரணியில் போப்பாண்டவரே இருந்தார்! நேப்பிள்ஸ்காரரான நான்காம் பவுலுக்கு ஸ்பானியர்களைக் கண்டாலே ஆகாது. அந்த வருஷம் அவர் மேரியின் நம்பிக்கைக்குரிய கர்தினால் போலின் தூதர் பதவியைப் பறித்தார். இங்கிலாந்தைத் திரும்ப ரோமோடு சேர்த்த அரசி, ரோமின் பேச்சைக் கேட்க மறுத்தார்.

ஏப்ரலில் ஸ்டாஃபர்ட் என்ற அகதி பிரான்சிலிருந்து கப்பலேறி வந்து ஸ்கார்பரோ கோட்டையைப் பிடித்தார். சில நாளில் மாட்டிக்கொண்டார். ஆனால் குழுவின் எதிர்ப்பு அதோடு தீர்ந்தது. இப்போது இது மாப்பிள்ளையின் சண்டை இல்லை, நம்ம சண்டை. ஜூன் 7 போர் அறிவிப்பு.

1558 ஜனவரி 1 அன்று கீஸ் பிரபு கலே நகரைத் தாக்கினார். 1347 முதல் கையில் இருந்த ஊர், ஒரே வாரத்தில் போனது. நவம்பரில் மேரியும் இறந்தார்.

காதலில் கண்ணை மூடிக்கொண்டவர் என்று மேரியை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பத்திரத்தின் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாரும் பயந்தது ஃபிலிப்பைப் பார்த்து. அதனால் எல்லா நிபந்தனையும் அவருக்குத்தான். போரை அறிவிக்கும் அதிகாரம் மேரியிடம் இருந்தது. அவருக்கு ஒரு நிபந்தனையும் யாரும் எழுதவில்லை.