சுவரில் காட்டுப்பூ, பச்சையில் விஷம்

வால்பேப்பர்னு சொன்னா இப்ப பலருக்கும் கம்ப்யூட்டர் திரையும் செல்போனும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வந்தது நெசமாவே சுவத்துல ஒட்டற காகிதம். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிச்ச நமக்கு அது கொஞ்சம் அந்நியம்தான். ஆனா 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது சாதாரண வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்ட சமாச்சாரம்.

அப்போதைய ஃபேஷன் என்னன்னா, நிஜப் பூ மாதிரியே நிழலெல்லாம் போட்டு வரைந்த பெரிய பெரிய ரோஜாக் கொத்துகள். வில்லியம் மோரிஸ் (1834-1896) அந்தப் பக்கமே போகலை. வேலியோரத்திலும் புல்வெளியிலும் பார்த்த செடிகொடிகளைப் பிடித்துச் சுவருக்குக் கொண்டு வந்தார். 1862-ல் வரைந்த 'ட்ரெல்லிஸ்', மரச்சட்டத்தில் ஏறும் ரோஜாக்கொடி. அதில் வரும் பறவைகளை மட்டும் நண்பர் ஃபிலிப் வெப் வரைந்து கொடுத்தார். 1864-ல் விற்பனைக்கு வந்த 'டெய்சி', புல்லுக்கு நடுவே கொத்துக் கொத்தாகப் பூக்கும் சின்னப் பூக்கள். 1887-ல் வந்த 'வில்லோ பௌ'தான் என்னோட ஃபேவரிட். கிரிக்கெட் மட்டை செய்யறாங்களே, அந்த வில்லோ இனம்தான் :-) வெறும் இலையும் கிளையும், பூவே கிடையாது. ஆனா கண்ணை எடுக்க முடியாது.

இதெல்லாம் மரக்கட்டை அச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை செதுக்கி, ஒண்ணு காய்ந்த பிறகு அடுத்ததுன்னு கையால் அச்சடிக்கணும். 1875-ல் வந்த 'அகாந்தஸ்' என்ற வடிவத்துக்கு மட்டும் 30 கட்டைகள் தேவைப்பட்டன.

சரி, இலை வரையணும்னா பச்சை வேணுமே. அங்கேதான் வில்லங்கம்.

1775-ல் கார்ல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை நிறமியைக் கண்டுபிடித்தார். பின்னாடி அதைவிடப் பளிச்சுன்னு இன்னொன்றும் வந்தது. அதிலும் ஆர்சனிக்தான், அதாங்க பாஷாணம். வால்பேப்பர், துணி, செயற்கைப் பூன்னு எல்லாத்திலும் இந்தப் பச்சை புகுந்தது. ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் அந்தக் காகிதத்திலிருந்து நச்சு வாயு கிளம்பலாம் என்று 1890களில் இத்தாலிய விஞ்ஞானி கோசியோ காட்டினார்.

2003-ல் ஆண்ட்ரூ மெஹார்க் என்ற ஆய்வாளர் பழைய 'ட்ரெல்லிஸ்' காகிதத் துண்டு ஒன்றைச் சோதித்தார். இலைப் பச்சையில் ஆர்சனிக். ரோஜாச் சிவப்பில் பாதரசம்!

அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்னு விட்டுடலாம்தான். ஆனா கதை அதோட முடியலை. மோரிஸ் குடும்பத்துச் சொத்தே 'டெவன் கிரேட் கான்சோல்ஸ்' சுரங்கப் பங்குகளில்தான் வளர்ந்தது. முதலில் செம்பு எடுத்த சுரங்கம் அது. பிற்பாடு உலகின் மிகப்பெரிய ஆர்சனிக் உற்பத்தியாளர்களில் ஒன்றாகிவிட்டது. 1871 முதல் 1875 வரை மோரிஸே அதன் இயக்குநர்களில் ஒருவர். அங்கே வேலை செய்தவர்கள் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு அந்த வெள்ளைத் தூளைச் சுரண்டி எடுத்தார்கள்.

1883-ல் மோரிஸ் சோஷலிஸ்ட் ஆகிறார். தொழிலாளிக்காகத் தெருவில் நின்று பேசுகிறார். அது வேஷம் இல்லை, நிஜமான அக்கறை. அதே மனுஷர்தான் 1885-ல் நண்பர் தாமஸ் வார்டிலுக்கு எழுதிய கடிதத்தில், வால்பேப்பர் ஆர்சனிக் பற்றிய டாக்டர்களின் பயத்தை அந்தக் காலத்துச் சூனியக்காரி பீதியோடு ஒப்பிட்டுத் தள்ளுகிறார். மக்கள் கேட்டதால் ஆர்சனிக் இல்லாத காகிதம் கடைக்கு வந்ததே தவிர, அவர் நம்பி மாற்றியதாகத் தெரியலை.

இதைப் படிச்ச பிறகு அவர் மேல் கோபமா, பரிதாபமான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஒரு புல்லைக்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த கண்ணுக்கு, அந்தப் பச்சை யாருடைய மூக்கு வழியா வந்ததுன்னு தெரியாமப் போச்சே!

'வில்லோ பௌ' இன்னிக்கும் விற்பனையில் இருக்கு, விஷமில்லாத மையில். எனக்கு இன்னமும் பிடிக்கத்தான் செய்யுது. என்ன, இப்பல்லாம் அழகான பச்சையைப் பார்த்தா, இதை யார் கலக்கினாங்கன்னும் ஒரு கேள்வி கூடவே வந்துடுது. உங்களுக்கு எப்படி?