முதுமைக்கு முன்பே சுருங்கும் சுரப்பி

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மருந்துக் கடையில் 'நோயெதிர்ப்புச் சக்திக்கு' என்று கேட்டால் ஐந்தாறு வகைப் போத்தல்களை எடுத்து வைப்பார்கள். வாங்குபவர்களில் அநேகர் அறுபதைத் தாண்டியவர்கள். அம்மாவுக்கு அக்கி வந்தபோது நானும் விலை கேட்டிருக்கிறேன். ஆனால் வயதோடு நோயெதிர்ப்பு ஏன் குறைகிறது என்ற கேள்விக்குப் பதில், பெரும்பாலும் நாம் பெயரே கேள்விப்படாத தைமஸ் சுரப்பியில் இருக்கிறது.

அது நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே உள்ளது. எலும்பு மச்சையிலிருந்து வரும் இளம் கலங்கள் இங்குதான் ரி கலங்களாகத் தேறுகின்றன. கிருமியை அடையாளம் காணத் தெரியாதவையும் நம் உடலையே தாக்கக்கூடியவையும் கழிக்கப்படும். தேறி வெளியே வருவது மிகச் சிறு பங்கே. 1961இல் ஜாக் மில்லர் எலிகளில் இதைக் காட்டும்வரை, தைமஸை ஒரு பயனற்ற மிச்சமாகவே மருத்துவ உலகம் கருதியது.

பிறக்கும்போது 10 முதல் 15 கிராம் இருக்கும் தைமஸ், பருவமடையும் வயதில் 30, 40 கிராம் வரை வளர்கிறது. பிறகு அதன் இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. இதில் ஹோர்மோன்களுக்குப் பெரும் பங்குண்டு. பாலியல் ஹோர்மோன்கள் தைமஸைச் சுருக்குகின்றன. விதை நீக்கிய முதிய எலிகளில் அது மறுபடி வளர்ந்திருக்கிறது. தைமஸைப் பேணும் வளர்ச்சி ஹோர்மோனோ வயதோடு குறைகிறது. கடும் நோயிலும் பட்டினியிலும் மன அழுத்தத்திலும் ஏறும் கோர்ட்டிசோல், தேறிக்கொண்டிருக்கும் கலங்களையே கொல்கிறது. ஆக, அறுபதில் புதிய ரி கலங்கள் மிகக் குறைவு. பழையவை பிரிந்து பெருகி எண்ணிக்கையைச் சமாளிக்கின்றன. பழகிய கிருமியைச் சமாளிக்கலாம், புதியது வந்தால் திண்டாட்டம். பழையதும் சில வேளை கைமீறும்: சிறுவயதுக் கொப்புளிப்பான் வைரஸ் மீண்டும் விழிப்பதுதான் அக்கி.

கொரோனாவால் இலங்கையில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021இல் சினோபார்ம் தடுப்பூசி பெற்றவர்களை ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, 20–39 வயதினரில் 98.9 வீதமானோருக்குப் பிறபொருளெதிரி உருவாகியிருந்தது. அறுபதுக்கு மேல் 93.3 வீதம். இந்த இடைவெளிக்குத் தைமஸ் மட்டுமே காரணமென்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தடுப்பூசி முதியவர்களுக்கு வீண் என்ற பேச்சுக்கு இந்த எண்களே பதில்.

தைமஸை மீட்க முடியுமா? 2019இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் ஒன்பது ஆண்களுக்கு ஒரு வருடம் வளர்ச்சி ஹோர்மோன் கொடுத்தார்கள். ஸ்கேனில் தைமஸின் கொழுப்பு குறைந்திருந்தது. ஒன்பதே பேர், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. அந்த ஹோர்மோன் இரத்தத்தில் சீனியை ஏற்றும் என்பதால் மெட்போர்மினும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. கண்டியில் நீரிழிவு கிளினிக் வரிசையைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

போத்தல்களில் இருக்கும் நாகச் சத்து, அது குறைவாக உள்ளவர்களுக்கு உதவும். தைமஸ் சுரக்கும் தைமுலின் நாகமின்றி வேலை செய்யாது. குறைபாடு இல்லாதவருக்கு அதிகம் கொடுத்தால் சுரப்பி வளராது. நமது தேசியத் தடுப்பூசி அட்டவணையோ பெரும்பாலும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பற்றியது. அதனால் அம்மாவுக்கு இன்புளுவென்சா ஊசியைக் காசு கொடுத்துத்தான் போட்டோம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீரொய்ட் மாத்திரை எடுக்கும் முதியவர்கள், எந்த ஊசி எப்போது என்பதை வைத்தியரிடம் கேட்டே போட வேண்டும். மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தவும் கூடாது.