தோட்டமும் கணக்கும்

வீடு கட்டுவோர் கணக்குப் பார்க்கின்றனர். வீட்டைச் சூழத் தோட்டம் அமைப்போர் பெரும்பாலும் கணக்குப் பார்ப்பதில்லை. செங்கல்லுக்கும் மரத்துக்கும் விலை உண்டு. செடியோ மண்ணிலிருந்து தானே முளைத்து வருவது. அதற்கு என்ன பெருஞ்செலவு வந்துவிடப் போகின்றது என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை அறிய, 1786ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பயணத்தின் வரலாறு பெரிதும் உதவும்.

கணக்கெடுக்கச் சென்றவர்

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சன் அக்காலத்தில் பிரான்சு நாட்டில் அமெரிக்கத் தூதராக இருந்தார். இலண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் ஜான் ஆடம்ஸ். வணிக உடன்படிக்கைகளைப் பற்றிப் பேசுவதற்காக 1786 மார்ச்சுத் திங்களில் ஜெபர்சன் இலண்டன் வந்தார். பேச்சு இழுபறியாக நின்றது. இடையே கிடைத்த ஓய்வில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற தோட்டங்களைக் காண அவர் புறப்பட்டார். பயணத்தின் ஒரு பகுதியில் ஆடம்சும் உடன் சென்றார்.

தாமஸ் வாட்லி என்பார் 1770இல் வெளியிட்ட தோட்டக்கலை நூல் ஜெபர்சனுக்கு வழிகாட்டியாக அமைந்தது. அந்நூலின் வருணனைகளை அவர் ஒவ்வோரிடத்திலும் நேரில் ஒப்பிட்டுப் பார்த்தார். அழகை எடுத்துரைக்க வாட்லி இருந்தமையால், ஜெபர்சன் வேறொன்றைத் தேடினார். இத்தகைய தோட்டம் ஒன்றை அமைக்க என்ன செலவாகும், அமைத்தபின் அதனைப் பேண என்ன செலவாகும் என்று மதிப்பிடுவதே தம் நோக்கம் என அவர் தம் குறிப்பில் எழுதி வைத்தார். வர்ஜீனியா மாநிலத்தில், மான்டிசெல்லோ என்னும் குன்றின்மீது தாம் கட்டிய வீட்டைச் சுற்றிலும் அத்தகைய தோட்டம் அமைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

கைகளின் எண்ணிக்கை

செலவை அறிய அவர் கையாண்ட வழி எளியது. தோட்டத்தில் வேலை செய்வோர் எத்தனை பேர் என்று கேட்டார். கூலி நாட்டுக்கு நாடு மாறும். ஆள் கணக்குத் தெரிந்தால், அதனைக் கொண்டு எந்நாட்டிலும் செலவை மதிப்பிட்டுவிடலாம் அன்றோ?

ஸ்டோ என்னும் இடத்தில் உலாப் பூங்காவைப் பேண ஆடவர் 15 பேரும் சிறுவர் 18 பேரும் வேலை செய்வதாக எழுதினார். பிளென்ஹைம் மாளிகையின் நிலப்பரப்பு 2,500 ஏக்கர். அதில் 200 ஏக்கர் தோட்டம், 150 ஏக்கர் நீர்நிலை, 12 ஏக்கர் காய்கறித் தோட்டம் என்று பிரித்துக் குறித்தார். அங்கே பேணுவதற்கும் புதியன செய்வதற்கும் 200 பேர் இருந்தனர். அவர்களுள் உலாப் பூங்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 50 பேர். புல்தரையைப் பத்து நாளுக்கு ஒருமுறை வெட்டினர் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

இவற்றினும் படிப்பினை மிக்கது வோபர்ன் பண்ணையைப் பற்றிய குறிப்பு. அங்கே வயல் வேலைக்கு நால்வர், உலாப் பூங்காவுக்கு நால்வர், காய்கறித் தோட்டத்துக்கு நால்வர். மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. வயலின் ஊடேயும் வயலைச் சுற்றியும் செல்லும் ஒரு பாதையை அழகுபடுத்தியதே அங்குத் தோட்டம் எனப்பட்டது. பயிர் விளைந்து வருவாய் தரும். அதே நிலம் கண்ணுக்கும் விருந்தாகும். சிறு செல்வர்க்கு ஏற்ற வழி இதுவே எனக் கருதப்பட்டது.

கவிஞர் ஒருவரின் பண்ணை

இவ்வழியைப் பின்பற்றியவருள் புகழ்மிக்கவர் வில்லியம் ஷென்ஸ்டன் என்னும் ஆங்கிலக் கவிஞர் (1714–1763). ஹேல்ஸோவன் ஊரை அடுத்த லெசோஸ் என்பது அவர் பண்ணை. அவருடைய ஆண்டு வருவாய் ஏறத்தாழ 300 பவுன். அவ்வருவாயைக் கொண்டு ஓடைகளைச் சிற்றருவிகளாக விழச் செய்தார். வளைந்து செல்லும் பாதை அமைத்தார். ஆங்காங்கே இருக்கைகள் இட்டார். ஜெபர்சன் சென்றபோது அவர் மறைந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. இருக்கைகள் பெரும்பாலும் வெறும் பலகைகள். தூண் செங்கல்லால் ஆனது. மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி ஒரு பாதை, அவ்வளவே என்று ஜெபர்சன் குறித்தார். ஆடம்சுக்கோ, தாம் கண்ட தோட்டங்கள் எல்லாவற்றிலும் மிக எளியதும் நாட்டுப்புறத் தன்மை மிகுந்ததும் இதுவே.

இத்துணை எளிய தோட்டமும் உடையவரை அழித்தது என்று ஜெபர்சன் எழுதினார். கடன் தந்த மனவேதனையால் ஷென்ஸ்டன் இறந்தார் என்று சொல்லப்படுவதாகவும் சேர்த்தார். 1781இல் சாமுவேல் ஜான்சனும் இதே போக்கில் எழுதியிருந்தார். ஷென்ஸ்டனின் வீட்டுக் கூரை பழுதுற்று மழை உள்ளே புகுந்தது. அதனைச் செப்பனிடவும் பணம் இல்லை. பணமெல்லாம் தோட்டத்துக்கே சென்றது என்பது அவர் தரும் சித்திரம்.

ஆயினும் ஷென்ஸ்டனின் நண்பரும் அவர் நூல்களைப் பதிப்பித்தவருமான ராபர்ட் டாட்ஸ்லி 1764இலேயே வேறு விதமாகக் கூறினார். ஷென்ஸ்டன் வரவுக்கு மேல் செலவு செய்தது உண்மை. சொத்தின்மீது கடன் ஏறியதும் உண்மை. ஆனால் விருந்தோம்பலும், பணியாளரிடம் காட்டிய பரிவும், ஏழைகளுக்கு ஈந்த கொடையும் அச்செலவில் அடங்கும். மேலும், கடன் அனைத்தையும் தீர்ப்பதற்குப் போதுமானதற்கு மேலாகவே அவர் விட்டுச் சென்றார். தோட்டமே அவரைக் கொன்றது என்னும் கதை, செவிவழிச் செய்தி வரலாறாக வளர்வதற்கு ஒரு சான்று. நண்பர் கூற்றிலும் சார்பு இருக்கலாம். எனினும் 'சொல்லப்படுகின்றது' என்பதற்கும் 'நிகழ்ந்தது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்க இஃது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

எழுதிய கணக்கும் கூட்டாத கணக்கும்

ஷென்ஸ்டனின் கடனைக் குறித்து வைத்த ஜெபர்சன் அதிலிருந்து பாடம் கற்றாரா? 1788இல் ஐரோப்பா செல்லும் அமெரிக்கர்க்கு அவர் எழுதித் தந்த அறிவுரையில், செலவின்றிச் சிறந்த தோட்டம் அமைக்கத் தம் நாடே ஏற்றது என்றார். மரங்கள் ஏற்கெனவே ஓங்கி நிற்கின்றன. மிகையானவற்றை வெட்டினால் போதும் என்பது அவர் கருத்து.

மான்டிசெல்லோவில் நிகழ்ந்தது வேறு. குன்றின் உச்சியைச் சமன்படுத்தும் வேலை 1768இலேயே தொடங்கிவிட்டது. பின்னர் வளைந்த நடைபாதையும் மலர்ப்பாத்திகளும் வந்தன. மலைச்சரிவை வெட்டி, கற்சுவர் எழுப்பி, ஏறத்தாழ 1,000 அடி நீளத்தில் காய்கறித் தோட்டம் அமைந்தது. 1766 முதல் 1824 வரை அவர் தோட்டக் குறிப்பேடு எழுதினார். அன்றாடச் செலவையும் 1767 முதல் 1826இல் இறக்கும் வரை குறித்து வந்தார். ஆனால் வரவு, செலவு, கடன் மூன்றையும் ஒருசேரக் கூட்டித் தம் நிலை யாது என்று பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை என்பது அவ்வேடுகளை ஆய்ந்தோர் முடிவு. இறந்தபோது அவர் கடன் 1,00,000 டாலருக்கும் மேல். மாமனார் வழி வந்த கடன், நண்பருக்காக ஏற்ற பிணை, விளைபொருள் விலை வீழ்ச்சி, விருந்தோம்பல், கட்டட வேலை எனக் காரணங்கள் பல. தோட்டம் அவற்றோடு சேர்ந்த ஒன்றே. ஆயின் அதுவும் அந்தக் கூட்டாத கணக்கில் அடங்கியது.

கணக்கில் ஏறாத கைகள்

இங்கிலாந்தில் தோட்டந்தோறும் கைகளை எண்ணியவரின் சொந்தத் தோட்டத்தில் உழைத்த கைகள் பெரும்பாலும் அடிமைகளின் கைகள். அவற்றுக்குக் கூலி இல்லை; ஆகவே 'செலவின்றி' என்னும் சொல் எளிதாயிற்று. தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் வோம்லி ஹியூஸ் என்னும் அடிமை. ஜெபர்சனுக்குப் புதைகுழி தோண்டியவரும் அவரே. கடனைத் தீர்ப்பதற்காக 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவின் அடிமைகள் ஏலத்துக்கு வந்தனர். ஹியூஸின் மனைவியும் பிள்ளைகளும் அவ்வேலத்தில் விற்கப்பட்டனர். பூங்காவின் விலையைக் கொடுத்தவர் யார் என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை. 1831இல் வீடும் கைமாறியது.

தோட்டம் அமைப்போர்க்கு இவ்வரலாறு கூறுவன மூன்று. செடி வாங்கும் விலை முதற்செலவு மட்டுமே; ஆண்டுதோறும் வேண்டப்படும் உழைப்பே உண்மைச் செலவு. செலவை எழுதினால் மட்டும் போதாது. கூட்டிப் பார்த்தல் வேண்டும். செலவில்லை என்று தோன்றும் இடத்தில், அச்செலவை வேறு எவர் சுமக்கின்றார் என்று கேட்டல் வேண்டும். பூவின் அழகு காண்போர் அனைவர்க்கும் தெரியும். அதற்கு நீர் வார்த்த கையை நினைப்பவரே அத்தோட்டத்தின் கணக்கை முழுமையாக அறிந்தவர் ஆவர்.